பை, டில்: ஐந்து மணிக்குள்ளா, ஐந்து மணி வரையா?

‘ப்ளீஸ் சென்ட் தி ரிப்போர்ட் டில் ஃப்ரைடே’. அலுவலக மின்னஞ்சல்களில் இப்படி ஒரு வரியை அடிக்கடி பார்க்கலாம். எழுதியவர் மனத்தில் இருப்பது ‘வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கையை அனுப்புங்கள்’ என்பது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் அதைப் படித்தால் அவருக்குக் கிடைக்கும் பொருள் ‘வெள்ளிக்கிழமை வரை அறிக்கையை அனுப்பிக்கொண்டே இருங்கள்’. எழுதியவர் கேட்டது ஓர் அறிக்கை. படித்தவர், தினம் ஒன்று அனுப்ப வேண்டுமோ என்று யோசிக்கிறார்.

இங்கே ‘டில்’ இருக்கும் இடத்தில் ‘பை’ வந்திருக்க வேண்டும். இரண்டுமே சின்னஞ்சிறு சொற்கள், இரண்டுமே ஒரு கெடுவைச் சுட்டுகின்றன. ‘பை என்றால் க்குள், டில் என்றால் வரை’ என்று ஒரு வரிச் சூத்திரமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவதுதான் வழக்கம். அந்தச் சூத்திரம் பெரும்பாலும் சரி. ஆனால் சில இடங்களில் அதை நம்பினால் காலை வாரிவிடும். எங்கே, ஏன் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். ‘பை பஸ்’, ‘பை போஸ்ட்’ போன்ற மற்ற ‘பை’களை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். நமக்கு வேண்டியது காலத்தைக் குறிக்கும் ‘பை’ மட்டும்.

விளக்கேற்றுவதும் விளக்கு எரிவதும்

‘ஆறு மணிக்குள் விளக்கேற்று.’ ‘பத்து மணி வரை விளக்கு எரியட்டும்.’

இந்த இரண்டையும் இடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். ‘ஆறு மணி வரை விளக்கேற்று’ என்றால் தீக்குச்சியைக் கிழித்துக் கிழித்து ஏற்றிக்கொண்டே இருப்பது போல ஆகிவிடும். ‘பத்து மணிக்குள் விளக்கு எரியட்டும்’ என்றால் பத்துக்கு முன் எப்போதாவது எரியத் தொடங்கினால் போதும் என்று ஆகிவிடும். நம் காதுக்கு இது உடனே உறுத்துகிறது.

ஏற்றுவது ஒரு நொடி வேலை. திரியில் நெருப்புப் பட்டதும் முடிந்தது. காலக்கோட்டில் அதைக் குறிக்க ஒரு புள்ளி போதும். எரிவது அப்படியல்ல, அது நீள்கிறது. அதைக் குறிக்கக் கோடு இழுக்க வேண்டும். இப்படி ஒரு கட்டத்தில் நடந்து முடிந்துவிடும் செயலைப் புள்ளிச் செயல் என்றும், இடைவிடாமல் நீடிக்கும் செயலை அல்லது நிலையைக் கோட்டுச் செயல் என்றும் இந்தக் கட்டுரை முழுக்க அழைப்போம். வருவது, அனுப்புவது, முடிப்பது, மூடுவது, கட்டணம் செலுத்துவது எல்லாம் புள்ளி. இருப்பது, காத்திருப்பது, தூங்குவது, திறந்திருப்பது, செல்லுபடியாவது எல்லாம் கோடு.

‘பை’ புள்ளியோடு சேரும். அந்தப் புள்ளி கெடுவுக்கு முன்னாலோ, கெடுவின் விளிம்பிலோ எங்கே விழுந்தாலும் சரி, தாண்டிப்போய் விழக்கூடாது என்பது அதன் பொருள். ‘டில்’ கோட்டோடு சேரும். அந்தக் கோடு கெடு வரைக்கும் அறாமல் வந்து அங்கே நிற்கிறது என்பது அதன் பொருள்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மன் மொழியில் ‘பிஸ்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்கிறது. அதனால் ஜெர்மானியர்களும் ஆங்கிலத்தில் ‘ஃபினிஷ் இட் அன்டில் ஃப்ரைடே’ என்று எழுதிவிடுகிறார்கள் (‘அன்டில்’லும் ‘டில்’லும் பொருளில் ஒன்றே). அவர்களோடு ஒப்பிட்டால் நமக்கு வேலை எளிது. ‘க்குள்’, ‘வரை’ என்று இந்த வித்தியாசம் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது.

‘முன்னாடியே முடிந்தால் பரவாயில்லையா?’

எந்தச் சொல்லைப் போடுவது என்று தடுமாறும்போது கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், வினைச்சொல்லைப் பாருங்கள். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கெடுவுக்கு முன்னாடியே முடிந்துவிட்டால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்றால் ‘பை’. முன்னாடியே முடிந்தால் அது தவறு, சொன்ன சொல் மீறப்பட்டது என்றால் ‘டில்’.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ‘தி ஷாப் இஸ் ஓப்பன் டில் நைன்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். நீங்கள் எட்டரைக்குப் போகும்போது மூடியிருந்தால் கோபப்பட உங்களுக்கு நியாயம் உண்டு. அதே கடைக்காரர் தன் வீட்டுக்கு, ‘ஐ வில் க்ளோஸ் தி ஷாப் பை நைன்’ என்று செய்தி அனுப்புகிறார். எட்டரைக்கே மூடிவிட்டு வந்தால் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. கடையும் அதேதான், மணியும் அதேதான். திறந்திருப்பது கோடு, மூடுவது புள்ளி.

இந்தக் கேள்வி மிகவும் உதவுவது ஆங்கிலத்தின் ‘பி’ என்ற வினையில். ‘பி ஹியர் பை சிக்ஸ்’ என்றால் ஆறு மணிக்குள் வந்து சேர். ‘பி ஹியர் டில் சிக்ஸ்’ என்றால் ஆறு மணி வரை இங்கேயே இரு. முதல் வாக்கியத்தில் ஆறு மணி என்பது வந்துசேர வேண்டிய எல்லை. இரண்டாவதில் அதே ஆறு மணி, கிளம்பும் நேரம். ஷிஃப்ட் முறையில் வேலை செய்யும் ஒருவருக்கு இந்தச் செய்தி தவறான சொல்லோடு போனால் ஒரு நாள் வேலையே தலைகீழாகும்.

படிப்பது, எழுதுவது போன்ற வினைகள் இரண்டு பக்கமும் சாயும். ‘ரீட் திஸ் புக் பை சன்டே’ என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்து முடி. ‘ரீட் டில் டென்’ என்றால் பத்து மணி வரை படித்துக்கொண்டிரு, முடிகிறதோ இல்லையோ. தமிழில் ‘முடி’, ‘விடு’ ஒட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் ‘பை’; ‘கொண்டிரு’ ஒட்டிக்கொள்ளும் இடம் ‘டில்’.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: செயல் புள்ளியா, கோடா என்று பார்க்க வேண்டும். முன்னாடியே முடிந்தால் சரி என்றால் ‘பை’, முன்னாடியே முடியக்கூடாது என்றால் ‘டில்’. இனி, ஒரு வரிச் சூத்திரம் உடையும் இடங்கள்.

ஒரே கடைசித் தேதி, இரண்டு சொற்கள்

ஒரு படிப்புக்கான விண்ணப்ப அறிவிப்பில் ‘சப்மிட் யுவர் அப்ளிகேஷன் பை தர்ட்டி ஃபர்ஸ்ட் மார்ச்’ என்று இருக்கிறது. அதே அறிவிப்பின் கீழே ‘அப்ளிகேஷன்ஸ் வில் பி அக்செப்டெட் டில் தர்ட்டி ஃபர்ஸ்ட் மார்ச்’ என்றும் இருக்கிறது. இரண்டும் சரி. கடைசித் தேதியும் ஒன்றுதான். பிறகு ஏன் சொல் மாறுகிறது?

முதல் வாக்கியம் உங்கள் கடமையைச் சொல்கிறது. நீங்கள் ஒருமுறை அனுப்பினால் போதும், அது புள்ளி. இரண்டாவது வாக்கியம் அவர்கள் திறந்துவைத்திருக்கும் கதவைப் பற்றியது. ஒரு விண்ணப்பத்தைப் பெறுவது ஒரு நொடிதான். ஆனால் பெறும் வேலை மார்ச் 31 வரை தொடர்ந்து நடக்கிறது, அது கோடு. நம் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் மார்ச் 20-லேயே அனுப்பினால் பரவாயில்லை. அவர்கள் மார்ச் 20-லேயே கதவைச் சாத்தினால் அது தவறு.

தமிழிலும் இது அப்படியே ஒலிக்கிறது. ‘31-க்குள் அனுப்ப வேண்டும்’, ‘31 வரை அனுப்பலாம்’. ‘வேண்டும்’ வந்தால் க்குள், ‘லாம்’ வந்தால் வரை. அனுமதி என்பது ஒரு நிலை, அது நீடிக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால், ‘யூ ஹேவ் டில் ஃப்ரைடே’ என்பது ஏன் சரி என்பதும் விளங்கிவிடும். உனக்கு வெள்ளி வரை நேரம் இருக்கிறது, அதாவது நேரம் கையில் இருக்கும் நிலை வெள்ளி வரை நீடிக்கிறது. முதலில் பார்த்த மின்னஞ்சலை எழுதியவர் அனேகமாக இந்த வாக்கியத்தில் கேட்ட ‘டில்’லைத்தான் தூக்கிக்கொண்டுபோய் ‘சென்ட்’ பக்கத்தில் வைத்துவிட்டார்.

‘க்குள்’ செய்யும் இரட்டை வேலை

‘ஐந்து மணிக்குள்’ என்கிறோம். ‘ஐந்து நாட்களுக்குள்’ என்றும் சொல்கிறோம். தமிழுக்கு இரண்டும் ஒரே ‘உள்’. ஆங்கிலம் இங்கே பிரித்துப் பார்க்கிறது. ஐந்து மணி என்பது நாள்காட்டியிலோ கடிகாரத்திலோ விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓரிடம்; அதற்கு ‘பை’. ஐந்து நாட்கள் என்பது ஓர் அளவு, முழம் போட்டு அளக்கக்கூடிய நீளம், அதற்கு ‘விதின்’. எனவே ‘பை ஃபைவ் ஓ’க்ளாக்’, ‘விதின் ஃபைவ் டேஸ்’. ‘விதின் ஃப்ரைடே’, ‘விதின் ஃபைவ் ஓ’க்ளாக்’ என்று எழுதுவது நம்மிடையே மிகப் பரவலான தவறு. ‘க்குள்’ளை நேராக மொழிபெயர்ப்பதால் வருவது.

‘வரவில்லை’ என்று வரும்போது

பொருளே மாறிப்போகும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வருவது புள்ளி. ஆனால் வராமல் இருப்பது கோடு. எதிர்மறை சேர்ந்தவுடன் எந்தப் புள்ளிச் செயலும் கோடாகிவிடுகிறது. ‘கடை பத்து மணி வரை திறக்காது’ என்றால் திறக்காமல் கிடக்கும் நிலை பத்து மணி வரை நீடிக்கிறது. அதனால்தான் ‘தி ஷாப் வோன்ட் ஓப்பன் டில் டென்’ என்பதில் ‘டில்’ சரியாக உட்காருகிறது. அதை நல்ல தமிழில் சொன்னால் ‘பத்து மணிக்குத்தான் கடை திறக்கும்’.

அந்தத் ‘தான்’ முக்கியம். ஆங்கிலத்தில் ‘நாட்’டும் ‘டில்’லும் சேர்ந்து வந்தால், அந்த நேரத்தில் காரியம் நடந்தது அல்லது நடக்கும் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். தமிழின் ‘வரை’ அந்த உறுதியைத் தருவதில்லை. ‘ஆறு மணி வரை அவர் வரவில்லை’ என்று நான் சொன்னால், ‘அப்புறமாவது வந்தாரா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். அது இயல்பான கேள்வி. அதையே ‘ஹி டிட் நாட் கம் டில் சிக்ஸ்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் அந்தக் கேள்வியே எழாது. ஆறு மணிக்கு வந்துவிட்டார் என்று கேட்பவர் முடிவுகட்டிவிடுவார்.

இப்போது இதை ஒரு புகார்க் கடிதத்தில் பொருத்திப் பாருங்கள். திங்கட்கிழமைக்குள் வர வேண்டிய பணம் திரும்பி வரவில்லை. வாடிக்கையாளர் எழுதுகிறார்: ‘தி ரீஃபண்ட் டிட் நாட் கம் டில் மன்டே.’ அவர் சொல்ல வந்தது, திங்கள் வரை பார்த்தேன், வரவில்லை என்பது. வெளிநாட்டில் அதைப் படிக்கும் ஊழியருக்குப் புரிவது, பணம் திங்களன்றுதான் வந்தது, அதாவது வந்துவிட்டது என்பது. தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்துவிட்டுப் புகாரை முடித்துவைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. சொல்ல வேண்டிய முறை: ‘தி ரீஃபண்ட் ஹேட் நாட் கம் பை மன்டே.’ திங்களன்று நின்று பார்க்கும்போது வந்திருக்கவில்லை. பிறகு என்ன ஆனது என்பதைப் பற்றி இந்த வாக்கியம் எதுவும் சொல்லவில்லை. இன்னும் வரவே இல்லை என்றால் ‘இட் ஹேஸ் நாட் கம் யெட்’ என்று சேர்த்துவிடுங்கள்.

‘டில் நௌ’ விஷயமும் இதே கதைதான். ‘இதுவரை வரவில்லை’ என்பதை ‘டில் நௌ ஐ ஹேவ் நாட் ரிசீவ்ட் இட்’ என்று எழுதுகிறோம். இந்திய அலுவலகங்களில் இது எல்லாருக்கும் புரியும். மற்ற இடங்களில், இப்போதுதான் நிலைமை மாறியது என்ற வாடை அதில் அடிக்கும். ‘ஐ டிட் நாட் நோ திஸ் டில் நௌ’ என்றால், இப்போது தெரிந்துவிட்டது என்று பொருள். மாற்றம் எதுவும் இல்லையென்றால் ‘ஸோ ஃபார்’ அல்லது ‘யெட்’ போதும்.

இன்னொரு சிக்கல் இரட்டை எதிர்மறை. ‘அவர் கையெழுத்துப் போடாத வரை பணம் வராது’ என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். அதை அப்படியே ‘அன்டில் ஹி டஸ் நாட் சைன்’ என்று கொண்டுபோகக்கூடாது. தமிழின் ‘போடாத வரை’ அந்தக் கோட்டைக் காட்டுகிறது, கையெழுத்து இல்லாமல் கிடக்கும் காலம் முழுவதையும். ஆங்கிலத்தின் ‘அன்டில்’லுக்குப் பின்னால் வர வேண்டியது கோட்டின் முனை, அதாவது கையெழுத்து விழும் கணம். எனவே ‘அன்டில் ஹி சைன்ஸ்’. கோட்டையே சொல்ல வேண்டும் என்றால் அதற்கு வேறு தொடர் இருக்கிறது: ‘அஸ் லாங் அஸ் ஹி டஸ் நாட் சைன்’.

சுருக்கமாக: எதிர்மறை வந்தால் புள்ளி கோடாகும். ‘நாட்’டோடு ‘டில்’ வந்தால் அந்த நேரத்தில் காரியம் நடந்துவிட்டதாகப் பொருள் போகும். நடந்ததா இல்லையா என்று சொல்லாமல் விட வேண்டுமானால் ‘ஹேட் நாட்’டோடு ‘பை’.

நீ வருவதற்குள், நீ வரும் வரை

கெடுவாக மணிக்குப் பதில் இன்னொரு செயல் வந்தால், ‘பை’ தனியாக நிற்காது. ‘பை தி டைம்’ என்று வரும். ‘நீ வருவதற்குள் நான் கிளம்பியிருப்பேன்’ என்பதை ‘பை தி டைம் யூ கம், ஐ வில் ஹேவ் லெஃப்ட்’ என்கிறோம். தமிழில் ‘கிளம்புவேன்’ என்று சொல்லாமல் ‘கிளம்பியிருப்பேன்’ என்று எதனால் சொல்கிறோமோ, அதே காரணத்தால்தான் அங்கே ‘வில் ஹேவ்’ வருகிறது. கெடுவில் நின்று திரும்பிப் பார்க்கும்போது காரியம் முடிந்து கிடக்கிறது. ‘இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பான்’ என்பதும் இதே அமைப்புத்தான்: ‘ஹி வில் ஹேவ் ரீச்ட் பை நௌ’.

‘நீ வரும் வரை’ என்பதில் வேறொரு வழுக்கல் இருக்கிறது. ‘வரும்’ என்ற வடிவம் எதிர்காலம் போலத் தெரிவதால் ‘டில் யூ வில் கம்’ என்று எழுதத் தோன்றும். ஆங்கிலம் ‘டில்’லுக்குப் பின்னும் ‘பை தி டைம்’முக்குப் பின்னும் ‘வில்’லை அனுமதிப்பதில்லை. ‘டில் யூ கம்’, அவ்வளவே.

சொற்கள் வந்த வழி

‘பை’ பழைய ஆங்கிலத்தில் ‘அருகில்’ என்ற பொருளில் இருந்த சொல். ‘பை தி விண்டோ’ என்றால் ஜன்னல் ஓரம் என்று இன்றும் சொல்கிறோம். ‘பை ஃபைவ்’ என்பதையும் ஐந்து மணியின் ஓரமாக, அதைத் தாண்டாமல் என்று மனத்தில் படமாக்கிக்கொள்ளலாம். தமிழ் அதையே ‘உள்ளே’ என்று பார்க்கிறது.

‘டில்’ என்பது ‘அன்டில்’லைச் சுருக்கி வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ‘டில்’தான் மூத்தது. 8ஆம் நூற்றாண்டின் வட இங்கிலாந்து எழுத்துகளிலேயே அது இருக்கிறது. ஸ்வீடன், டென்மார்க், நார்வே மொழிகளில் அதே சொல் இன்றும் ‘நோக்கி, க்கு’ என்ற பொருளில் வழங்குகிறது. ‘அன்டில்’ சில நூற்றாண்டுகள் பிந்தி வந்தது. பொருளில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. வாக்கியத்தின் தொடக்கத்திலும் முறையான எழுத்திலும் ‘அன்டில்’ கூடுதலாக வரும். எழுத்துக்கூட்டலில் மட்டும் கவனம்: ‘டில்’லில் எல் இரண்டு, ‘அன்டில்’லில் எல் ஒன்று.

வெள்ளிக்கிழமை சேர்த்தியா, இல்லையா?

‘ஐ ஆம் ஆன் லீவ் டில் ஃப்ரைடே.’ வெள்ளியன்று ஆள் இருப்பாரா?

தமிழில் ‘வெள்ளி வரை லீவு’ என்றால் வெள்ளியும் லீவுதான் என்றே பெரும்பாலோர் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இது உண்மையாகவே இரண்டுபட்டது. வெள்ளியன்று வந்துவிடுவார் என்று சிலர் படிப்பார்கள், திங்களன்றுதான் வருவார் என்று சிலர் படிப்பார்கள். இலக்கணத்தால் இதைத் தீர்க்க முடியாது, எழுதும் முறையால்தான் தீர்க்க வேண்டும். ‘ஐ வில் பி பேக் ஆன் மன்டே’ என்று திரும்பி வரும் நாளை எழுதிவிடுங்கள். அமெரிக்காவில் ‘த்ரூ ஃப்ரைடே’ என்பார்கள், அதில் வெள்ளி உறுதியாக அடங்கும். ஒப்பந்தங்களில் ‘அப் டு அண்ட் இன்க்ளூடிங்’ என்று எழுதுவது இதற்காகத்தான்.

‘பை ஃப்ரைடே’யில் பொதுவாக வெள்ளி சேர்த்தி. ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்றால் வியாழனோடு முடிந்தது. பிரிட்டனில் உணவுப் பொட்டலங்களின் மேல் இருக்கும் ‘யூஸ் பை’ தேதியும் அப்படியே: அந்தத் தேதி முடியும் வரை சாப்பிடலாம், மறுநாள் கூடாது. அது பாதுகாப்புக்கான தேதி. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது சுவை, பதம் பற்றியது மட்டும்.

ஆனால் கெடு ஒரு நாளாக இல்லாமல் ஒரு மாதமாக இருந்தால் ‘பை’யும் ஆட்டம் காண்கிறது. நாளை நாம் புள்ளியாகப் பாவிக்கிறோம். மாதம் புள்ளியாக இருக்க முடியாத அளவு நீளம். ‘பை ஜூலை’ என்றால் ஜூலையின் தொடக்கமா, முடிவா? மருந்துக் குப்பிகளில் இது வேடிக்கை விஷயமல்ல. ‘எக்ஸ்பைரி’ ஜூலை என்று இருந்தால் ஜூலை 31 வரை பயன்படுத்தலாம். ‘யூஸ் பை’ ஜூலை என்று இருந்தால், ஜூன் 30-க்குப் பிறகு பொதுவாகப் பயன்படுத்தக்கூடாது என்பதுதான் பிரிட்டனின் பொது மருத்துவச் சேவை மக்களுக்குச் சொல்லும் விளக்கம். ஒரு சொல்லால் ஒரு மாதமே வித்தியாசப்படுகிறது. சந்தேகம் வந்தால் மருந்துக் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். நீங்கள் எழுதும்போது மாதப் பெயரை மட்டும் ‘பை’க்குப் பக்கத்தில் விடாதீர்கள், ‘பை 31 ஜூலை’ என்று தேதியோடு எழுதுங்கள்.

நள்ளிரவும் இப்படித்தான். ‘பை மிட்நைட் ஆன் ஃப்ரைடே’ என்றால் வெள்ளி பிறக்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்று படிப்பவர் தலையைச் சொறிவார். ‘பை 11:59 பி.எம். ஆன் ஃப்ரைடே’ என்று எழுதி, பெறுபவர் வேறு நாட்டில் இருந்தால் எந்த நாட்டு நேரம் என்பதையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.